பிரிவினைக்கான வாக்கும் வாக்கற்ற மக்களும்: வலப்பனைத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

1977ஆம் ஆண்டு யூலை 21ஆந் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலைத் தமிழர் விடுதலைக் கூட்டணி வெறுந் தேர்தலாகக் கருதவில்லை. தனியரசு வேண்டுமா, வேண்டாமா என்பது குறித்துத் தமிழ்த் தேசிய இனம் வழங்கும் தீர்ப்பாகவே தனது விஞ்ஞாபனத்தில் அதனை முன்வைத்தது. வடமாகாணத்தின் பதினான்கு தொகுதிகளும் கிழக்கில் நான்கு ஆசனங்களும் அக்கட்சிக்குக் கிடைத்தன. பதினெட்டு உறுப்பினர், எனவே ஆணை கிடைத்துவிட்டது என்பது அவர்தம் முடிவு. அத்தீர்ப்பின் வலிமை பற்றியும் வரம்பு பற்றியும் பின்னர் எழுதியோர் மிகப் பலர். ஆயின் அவருட் பெரும்பாலார் யாழ்ப்பாணத்தில் நின்றோ கொழும்பில் நின்றோ அதனை நோக்கியவர்கள். வலப்பனையின் தேயிலை மலைகளில் நின்று நோக்குவோர்க்கு அதே தேர்தல் வேறொரு தோற்றந் தருகின்றது. ஒரு தேசிய இனம் பிரிந்து செல்வதற்கு வாக்களிக்கலாமா என்று விவாதிக்குமுன், வாக்களிக்க உரித்துடைய அந்த ‘இனம்’ எது, அதன் எல்லை எங்கே முடிகின்றது என்ற வினாவை இம்மலைகள் எழுப்புகின்றன. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

வலப்பனையின் அமைப்பை முதலில் மனங்கொள்ள வேண்டும். இராகலை, உடப்புசல்லாவ, ஹல்கரன்ஓயா முதலிய பகுதிகளில் உயர்ந்த சரிவுகளிலே தேயிலை. அவற்றின் கீழே பள்ளத்தாக்குகளில் சிங்களக் கிராமங்களும் வயல்களும். தோட்டத்துத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் ஒரே ஓடையின் நீரைப் பயன்படுத்தியும் இருவேறு உலகங்களில் வாழ்ந்தனர். ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரந்து கிடக்கின்றன. வலப்பனையிலோ கிராமமும் தோட்டமும் பின்னிக் கிடக்கின்றன. இந்த வேறுபாடு அரசியலிலும் பலித்தது. 1977 இல் மூன்று உறுப்பினரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதி உருவாக்கப்பட்டபோது வலப்பனை அதனுட் சேரவில்லை. தனியொரு தொகுதியாகவே நின்றது. தனியரசுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்ற சௌமியமூர்த்தி தொண்டமான் அம்மூவருள் ஒருவராகப் பாராளுமன்றம் சென்றார். வலப்பனைத் தோட்டங்களில் வாக்குரிமை பெற்றிருந்த சிலருக்கு அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்புமில்லை. கூட்டணிக்கு வாக்களிக்கும் வாய்ப்போ அறவே இல்லை. தமிழரின் எதிர்காலம் பற்றிய மாபெரும் வினா நாட்டின் முன் வைக்கப்பட்ட அந்நாளில், அதற்கு ஆமென்றோ இல்லையென்றோ விடையளிக்கத்தக்க ஒரு பெயர்கூட அவர்களது வாக்குச்சீட்டில் இருக்கவில்லை.

இம்மலைகளில் தனித்தேசியம் என்ற குரலை முதலில் எழுப்பியவர் தமிழர் அல்லர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1817-18 கிளர்ச்சியின் ஒடுக்குமுறையை வலப்பனை அனுபவித்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கித் தோட்டத்துரைமாரின் கைக்கு மாற்ற வழி செய்தது. 1880களில் நெல்வரி கட்ட இயலாத வலப்பனை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மக்கள் பட்டினியால் மடிந்தனர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இக்கொடுமையை அறிக்கையிட்டார். அவ்வரி 1892 இல் நீக்கப்படுவதற்கு நிகழ்ந்த வாதங்களில் வலப்பனையின் பெயர் இலண்டன் வரை ஒலித்தது. இவ்வாறு நிலமிழந்த கண்டிச் சமூகத்தின் உயர்குழாத்தினர் 1920களின் நடுவில் கண்டியத் தேசிய மகாசபையை அமைத்தனர். தாம் கரையோரச் சிங்களவரினின்றும் வேறான ஒரு தேசத்தவர் என்றும், கண்டி மாகாணங்கள், வடக்குக் கிழக்கு, கரையோரச் சிங்களப் பகுதி என மூன்று தன்னாட்சி அலகுகள் கொண்ட சமஷ்டி வேண்டும் என்றும் டொனமூர் ஆணைக்குழுவின் முன் 1927 இல் வாதிட்டனர்.

அக்கோரிக்கையின் மறுபக்கத்தை நம்மவர் பலர் எடுத்துரைப்பதில்லை. சமஷ்டியின் முன்னோடிகளாகக் கண்டியரை மேற்கோள் காட்டுவதோடு அமைந்துவிடுவர். இந்தியத் தொழிலாளர்க்கு வாக்குரிமை கிடைப்பின் தமது மலைகளிலே தாம் சிறுபான்மையினராவோம் என்ற அச்சமும் அக்கோரிக்கையின் உந்துவிசைகளுள் ஒன்றாக இருந்தது. தன்னாட்சி கேட்ட மகாசபையே தன் ஆட்சிப் பரப்புக்குள் உழைத்த மக்களின் வாக்குரிமையை எதிர்த்தது. வலப்பனை விவசாயியின் நிலத்தைப் பறித்தது குடியேற்ற அரசும் தோட்டக் கம்பனியும். பழி சுமத்தப்பட்டதோ அந்நிலத்தில் கூலிக்கு நின்ற தொழிலாளி மீது. தேசிய இனமொன்றின் தன்னாட்சிக் கோரிக்கை அதனளவில் முற்போக்கானதாகவோ பிற்போக்கானதாகவோ அமைவதில்லை. தன் எல்லைக்குள் வாழும் பிறரை அது எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதைக் கொண்டே நாம் அதனை மதிப்பிடல் வேண்டும். கண்டியரைப் பற்றி நாம் கூறும் இவ்வளவுகோல் பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும்.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது இந்தியத் தமிழருக்கு நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா முதலியோர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணைநின்றன. ஐக்கிய தேசியக் கட்சி அரசு இதை மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்து மலையக மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. இரண்டாவது சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும் ஏறக்குறைய 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

தமிழ்த் தேசிய அரசியலின் பிளவும் இங்கேதான் தொடங்குகின்றது. முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் இரண்டாவதனை ஆதரித்தார். அவரைப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 திசெம்பர் 18 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். ஆகவே சமஷ்டிக் கட்சி மலையக மக்களின் உரிமைப் பறிப்பிலிருந்தே பிறந்தது எனலாம். செல்வநாயகம் இவ்விடயத்தில் கொண்டிருந்த நேர்மையை நாம் ஐயுறவில்லை. 1956 இல் திருகோணமலை மாநாடு விடுத்த நான்கு கோரிக்கைகளுள் பிரஜாவுரிமையும் ஒன்று. ஆனால் 1957இன் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தத்தில் அது பின்னர் ஆராயப்படும் விடயமாகச் சுருங்கிற்று; 1965இன் டட்லி-செல்வநாயகம் உடன்பாட்டில் இடம்பெறவேயில்லை. இடையில், 1964 ஒக்டோபர் 30 இல், சிறிமாவோவும் சாஸ்திரியும் 975,000 மக்களைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தன்னாட்சி பற்றி உலகெங்கும் பேசப்பட்ட ஒரு காலகட்டத்தில், எந்த நாட்டில் வாழ்வது என்ற வினாவைக்கூட இம்மக்களிடம் எவரும் வாக்குக்கு விடவில்லை. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 11.2 வீதத்தினர், இந்தியத் தமிழர் 9.3 வீதத்தினர். 1981 இல் பின்னைய தொகை 5.5 வீதமாயிற்று. தம்மை இலங்கைத் தமிழரெனப் பதிந்துகொண்டோர் ஒரு பகுதியினர் இருக்கலாம்; கப்பலேறியோரே பெரும்பகுதி.

1972 மே மாதம் திருகோணமலையிலே தமிழர் கூட்டணி அமைந்தபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் அதில் இணைந்தது. புதிய குடியரசு அரசியலமைப்பு, காணிச் சீர்திருத்தம், 1973-74 காலத்துப் பஞ்சம் ஆகியவற்றால் மலையகம் நெருக்குண்டிருந்த காலம் அது. செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் ஆகிய மூவரும் கூட்டுத் தலைவராயினர். இதற்கிடையே செல்வநாயகம் தமது காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, புதிய அரசியலமைப்பை ஏற்கிறீர்களா என மக்களிடம் தீர்ப்புக் கோரினார். இரண்டாண்டுக்கு மேலாக இழுத்தடிக்கப்பட்ட இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 இல் நடைபெற, கம்யூனிஸ்ட் கட்சியின் வீ. பொன்னம்பலத்தைப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அவர் தோற்கடித்தார். தேர்தலைச் சர்வசன வாக்கெடுப்பாகக் கொள்ளும் மரபு இங்கே உருவாகின்றது. உண்மையான வாக்கெடுப்பை அரசு ஒருபோதும் நடத்தாது என்ற நிலையில் அது நியாயமானதொரு உபாயமே. ஆயினும் தேர்தலில் தொகுதிக்குள் இருப்போர்தாம் பேச முடியும்.

1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் கூடிய மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அத்தீர்மானத்தைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அதன் ஒரு வாசகத்தைக் கடந்து சென்றுவிடுகின்றனர். பெரும்பாலான உறுப்பினர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்ந்து தொழில் செய்யும் தொழிற்சங்கம் என்ற முறையில், தனியரசு குறித்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தெரிவித்த மறுப்புரை அத்தீர்மானத்திலேயே பதியப்பட்டுள்ளது. அதே தீர்மானம், தமிழீழ அரசு வடக்குக் கிழக்கு மாகாண மக்களைக் கொண்டதென்றும், இலங்கையின் எப்பகுதியில் வாழும் தமிழ் பேசும் மக்களும் விரும்பின் அதன் குடியுரிமையைப் பெறலாமென்றும் கூறுகின்றது. வலப்பனைத் தொழிலாளியை நோக்கி இதன் பொருள் யாது? உன் மலை எமது நாட்டில் இல்லை, நீ வரலாம். ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் அவனை இந்தியாவுக்குப் போ என்றது. இது அன்போடு வடக்குக்கு வா என்றது. இரண்டும் அவன் கால்களைப் பற்றியே பேசின. அவன் நின்ற மண்ணைப் பற்றிப் பேசவில்லை.

காங்கிரஸின் விலகலைத் துரோகமென வடக்கில் வருணித்தோர் உளர். அவ்வருணனையை நாம் ஏற்கவில்லை. நான்கு தலைமுறை உழைப்பால் ஆக்கப்பட்ட மண்ணை விட்டு நீங்குவதே விடுதலை என்ற தர்க்கம் ஒரு தொழிற்சங்கத்துக்கு ஏற்புடையதாதல் அரிது. ஆயினும் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையன்று. மறுப்புரை தெரிவித்த தலைமையும் தன் மக்களைக் கேட்டுத் தெரிவிக்கவில்லை. தனியரசு குறித்து லயங்களிலே வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. சந்தாப் பணத்தைத் துரையின் செக்ரோலினூடாகச் செலுத்தும் தொழிலாளியின் சார்பிலே தலைவர் முடிவெடுத்தார். 1978 இல் அவர் ஜயவர்த்தனா அமைச்சரவையில் இடம்பெற்றதும் அத்தகையதொரு முடிவே. அம்முடிவால் விளைந்த பயன்கள் உண்டு. 1986 சனவரியின் பிரார்த்தனை இயக்கமும், அவ்வாண்டினதும் 1988 இனதும் பிரஜாவுரிமைச் சட்டங்களும் அந்தப் பேரத்தின் வழி வந்தவையே. பயனைக் கொண்டு முறையை நியாயப்படுத்தல் எமக்கு உடன்பாடன்று.

மலையக மக்கள் அக்காலத்திலே எதன்பொருட்டு உயிர் கொடுத்தனர் என்பதை 1977 மே 11 காட்டுகின்றது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் முயற்சியை எதிர்த்து எழுந்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் டெவன் தோட்டத்தின் சிவனு இலட்சுமணன் உயிரிழந்தார். தேர்தலுக்கு ஏறக்குறையப் பத்து வாரம் இருந்தது. வடக்கின் மேடைகளில் தாயகம் என்ற சொல் முழங்கிக்கொண்டிருந்தபோது, தலவாக்கலையில் ஒருவர் தாம் நின்ற மண்ணுக்காக வீழ்ந்தார். இரண்டும் நிலத்தின் போராட்டங்களே. ஆயின் ஒன்றின் வரைபடத்தில் மற்றதன் நிலம் இல்லை.

தேர்தல் முடிவை இனி நோக்குவோம். வடக்கின் தீர்ப்பு ஐயத்துக்கிடமற்றது. கிழக்கிலோ மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளின் ஓர் ஆசனம் மட்டுமே கூட்டணிக்குக் கிடைத்தது. கல்குடாவில் ஐக்கிய தேசியக் கட்சியின் கே.டபிள்யூ. தேவநாயகம் வென்றார். பொத்துவிலின் கனகரத்தினம் அவ்வாண்டிலேயே ஆளுங்கட்சி சென்றார். மட்டக்களப்பின் இராஜதுரை 1979 இல் சென்றார். முஸ்லிம் மக்களின் உடன்பாடு தேடப்படாமலே கிழக்கு வரைபடத்தில் இணைக்கப்பட்டிருந்தது. தெரிவுசெய்யப்பட்டோர் தமிழீழத் தேசிய சபையாகக் கூடி அரசியலமைப்பு வரைவர் என விஞ்ஞாபனம் கூறியிருக்க, அவர்கள் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தனர். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பெற்ற ஆணையை என்செய்வதென அவர்களே அறியாதிருந்தனர்.

ஆணையின் விலையை முதலிற் செலுத்தியோருள் மலையகத்தாரும் அடங்குவர். 1977 ஓகஸ்டில் மூண்ட வன்செயல் தோட்டங்களுக்கும் பரவிற்று. தனியரசைக் கேளாதவரும், அதற்கு வாக்களிக்க வகையில்லாதவருமான மக்களின் லயன்கள் சூறையாடப்பட்டன. காடையனுக்குத் தீர்மானத்தின் மறுப்புரை வாசகம் தெரியாது. தமிழன் என்பது போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிக் குடியேறினர். அங்கே அவர்களுக்கு நிலமும் சில தொண்டு நிறுவனங்களின் அரவணைப்பும் கிடைத்தன என்பது மெய். எல்லைப்புறக் குடியிருப்புகளில் முதலடியைத் தாங்கும் மதிலாக அவர்கள் நிறுத்தப்பட்டதும் மெய். கென்ற், டொலர் பண்ணைகளில் வாழ்ந்தோர் 1984 இல் துரத்தப்பட்டனர். தாயகத்துக்குள் வந்த பின்னும் ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைச்சொல் அவர்களைத் தொடர்ந்தது என்பதைக் கூற நாம் நாணுகின்றோம். ஆயினும் கூறியாக வேண்டும். அவ்விழிசொல்லை வழங்கியவர் சிங்களவர் மட்டுமல்லர்.

பிற நாட்டு அனுபவங்கள் இவ்விடத்தில் உதவும். கியூபெக் மாகாணம் கனடாவினின்று பிரிவதா என 1995 ஒக்டோபர் 30 இல் வாக்களித்தபோது, எதிர்த்தோர் 50.58 வீதம், வேறுபாடு மயிரிழையே. அதற்கு ஆறு நாள் முன்னர் அம்மாகாணத்தின் வடபுலத்துக் கிறீ பழங்குடியினர் தமக்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தி, தம் இசைவின்றித் தம் நிலத்தைக் கனடாவிலிருந்து பிரித்தலாகாது என 96 வீதத்தினர் தீர்ப்பளித்தனர். தன்னாட்சிக்குள் தன்னாட்சி என்ற சிக்கலை அது அம்பலத்தில் வைத்தது. ஸ்கொத்லாந்தில் 2014 செப்டெம்பர் 18 இல் வேறொரு விதி நிலவிற்று. அங்கு குடியிருப்போர் யாவரும், பொதுநலவாய நாட்டவர் உட்பட, வாக்களித்தனர்; இலண்டனில் வாழ்ந்த ஸ்கொத்தியருக்கு வாக்கில்லை. பிறப்பு அன்று, வதிவே அளவுகோல். வலப்பனைப் பகுதியின் லிடெஸ்டேல் தோட்டம் தாங்கியிருப்பது ஒரு ஸ்கொத்லாந்துப் பள்ளத்தாக்கின் பெயர். அந்நாட்டின் விதி 1948 இல் இங்கு நிலவியிருப்பின் என்று எண்ணாதிருத்தல் கடினம். மேற்குச் சகாராவிலோ 1991 முதல் ஐக்கிய நாடுகள் சபை நடத்தவிருந்த வாக்கெடுப்பு, வாக்காளர் யார் என்ற தகராறிலேயே சிக்குண்டு இன்றுவரை நடைபெறவில்லை.

நம் நாட்டின் வரலாறோ இன்னும் விந்தையானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சர்வசன வாக்கெடுப்பை மக்களின் இறைமையாகப் போற்றுகின்றது. அதன்கீழ் நடைபெற்ற ஒரேயொரு வாக்கெடுப்பு 1982 திசெம்பர் 22இனது. தேர்தலை நடத்தாது பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கலாமா என்பதே அதன் வினா. விளக்கா, குடமா என்று மக்கள் கேட்கப்பட்டனர், விளக்கு வென்றது. 1987இன் இந்திய-இலங்கை உடன்படிக்கை, வடக்குடன் இணைந்திருப்பது பற்றிக் கிழக்கு மாகாண மக்கள் 1988 முடிவுக்குள் வாக்களிப்பர் என்றது. அது ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் இணைப்பே செல்லாதாயிற்று. 1983 ஓகஸ்டின் ஆறாந் திருத்தம் தனியரசை ஆதரித்தலையே குற்றமாக்கிற்று. அத்திருத்தம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிரிக்கப்படாத நாட்டினுள் சமஷ்டியை நாடுதல் பிரிவினையன்று என்று 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. ஆக, 1927 இல் கண்டியத் தலைவர்கள் தடையின்றிக் கேட்டதைக் கேட்கலாமா என்பதற்குத் தொண்ணூறாண்டுகளின் பின் நீதிமன்ற விளக்கம் வேண்டியிருந்தது.

2009, 2010ஆம் ஆண்டுகளில் நோர்வே, பிரான்ஸ், கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் வாழும் ஈழத் தமிழர் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை மீண்டும் வாக்குக்கு விட்டனர். வாக்களித்தோருள் ஏறக்குறைய யாவரும் ஆமென்றனர். போரின் பேரிழப்பின் பின் எழுந்த அந்த உணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1985 இல் திம்புவில் தமிழ் இயக்கங்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் நான்காவது, இத்தீவைத் தாயகமாகக் கொள்ளும் எல்லாத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றியது. ஒஸ்லோவில் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது; இராகலையில் வைக்கப்படவில்லை. வைக்க இயலாது என்பதும் உண்மையே. எனினும் தீர்மானத்தின் மறுப்புரை வாசகம் அவ்வாக்குச்சீட்டுகளோடு எடுத்துரைக்கப்பட்டிருப்பின், மலையகத்தாரை இத்தேசத்தின் பகுதியாக எண்ணுவதா, தனித்த ஒரு தேசிய இனமாக எண்ணுவதா என்ற விவாதம் அங்கேனும் தொடங்கியிருக்கும். மலையகத்தில் அவ்விவாதம் நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. ‘இந்திய வம்சாவளி’ என்ற பதிவேட்டுச் சொல்லை மறுத்து ‘மலையகத் தமிழர்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட தலைமுறை, வடக்குக்கும் டெல்லிக்கும் கொழும்புக்கும் ஒருங்கே விடை கூறியது என்பது எமது துணிபு.

நாடற்றோர் எனப்பட்டவருள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. வலப்பனைத் தோட்டங்களில் இன்று வாக்காளர் இடாப்பு உண்டு. பிரதேச சபைக்கும் அவர்கள் வாக்களிக்கின்றனர். ஆனால் 2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்படும்வரை, அச்சபை தன் நிதியைக் கொண்டு தோட்டத்துப் பாதையொன்றைச் செப்பனிடவோ லயத்துக்கு நீர்க்குழாய் இடவோ சட்டத்தில் இடமிருக்கவில்லை.